ராத்திரிக்கு எத்தனை யூனிட்?

கேரவன் கட்ட வருகிற வாடிக்கையாளர் சேசி, சீட், கட்டில், டாய்லெட் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் கேட்கிறார்: “பேட்டரி எத்தனை ஏ.எச். போடுவீங்க?” பட்டறைக்காரர் பழக்க தோஷத்தில் ஓர் எண்ணைச் சொல்கிறார். 150, 200, இல்லையென்றால் “உங்க பட்ஜெட்டைப் பொறுத்து”. அந்த எண் அப்படியே கொட்டேஷனில் ஏறிவிடுகிறது. கரண்ட் கம்பமே கண்ணில் படாத ஓர் இடத்தில் வண்டியை நிறுத்திப் படுத்த பிறகுதான் அது போதுமா, போதாதா என்பது தெரிகிறது. போதாது என்றால் அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

இந்த வரிசையை நாம் தலைகீழாக்க வேண்டும். ஏ.எச். கடைசியில் வரவேண்டிய எண். அதற்கு முன் இரண்டு எண்கள் தெரிந்தாக வேண்டும்: வெளிக் கரண்ட் இல்லாமல் அந்த வண்டி ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவழிக்கும், மறுநாள் எத்தனை யூனிட் திரும்ப ஏறும். வோல்ட்டைச் சேர்க்காமல் ஏ.எச். சொல்வதில் அர்த்தமே இல்லை. 12 வோல்ட்டில் 200 ஏ.எச்., 24 வோல்ட்டில் 100 ஏ.எச். இரண்டும் ஒரே அளவு மின்சாரம்தான். வாடிக்கையாளரோ இரண்டாவதைப் பாதி என்று நினைத்துப் பேரம் பேசுகிறார். யூனிட் அப்படியல்ல. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுகிற யாருக்கும் அது தெரியும். 12.8 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 1.28 யூனிட் என்று சொல்லிப் பாருங்கள். ஏசி ஒரு ராத்திரி முழுக்க ஓட அது காணாது என்பதை அவரே சொல்லிவிடுவார்.

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு பேர் கொண்ட குடும்பம், மே மாதம், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம், ஏசி இல்லாத வேன். 50 லிட்டர் டிசி கம்ப்ரஸர் பிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் இழுக்கும். அந்த வெயிலில் பாதி நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆக, நாளைக்கு 600 வாட்-அவர். இரண்டு 20 வாட் டிசி பேன் பத்து மணி நேரம் சுற்றினால் 400. எல்இடி விளக்குகளுக்கு 100, நான்கு போனும் ஒரு லேப்டாப்பும் சேர்த்து 120, தண்ணீர் பம்புக்கு 30, காலையில் சட்னி அரைக்கிற மிக்ஸிக்கு 60. இன்வெர்ட்டரை நான்கு மணி நேரம் மட்டும் போட்டு வைத்தால் அது தனக்கென்று எடுத்துக்கொள்வது 80. கூட்டினால் 1,390. வயர், கன்வர்ஷன் நஷ்டத்தையும் சேர்த்து 1.6 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 12.8 வோல்ட், 200 ஏ.எச். லித்தியத்தில் 2.56 யூனிட் இருக்கிறது. அதில் எண்பது சதவீதத்தை நம்பினால் இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். இந்தக் குடும்பத்துக்கு அது போதும். பெருந்தன்மையாக 400 போட வேண்டிய அவசியமில்லை.

இந்தக் கணக்கில் எப்போதும் விட்டுப்போகிற வரி இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது இழுப்பது. “விடியறதுக்குள்ள பேட்டரி இறங்கிடுது” என்ற புகாரோடு வருகிற வண்டியில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். ஒரு விளக்குகூட எரியாது. மீட்டரில் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் நிற்கும். பெரிய இன்வெர்ட்டர் 20 வாட்டைச் சும்மாவே தின்னும். 24 மணி நேரத்துக்கு 480 வாட்-அவர், அதாவது ஏறக்குறைய அரை யூனிட். இதற்காகப் பேட்டரியைப் பெரிதாக்குவது வீண் செலவு. பிரிட்ஜ், பேன், விளக்கு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் டிசியிலேயே ஓட்டி, படுக்கும்போது இன்வெர்ட்டரை அணைக்கக் கட்டில் பக்கத்திலேயே ஒரு ரிமோட் சுவிட்ச் வைத்துக் கொடுத்தால் அந்த அரை யூனிட் மிச்சம்.

ட்யூபுலர் பேட்டரி மலிவு என்று இன்னமும் அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். ட்யூபுலரில் பெயரளவுக்கு 1.8 யூனிட். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. கைக்கு வருவது 0.9. எடையோ 55 கிலோவை ஒட்டி. பெரிய லோடு இழுத்தால் அந்த 0.9-உம் குறையும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், மலைப்பாதையில் ஆசிட் தளும்பும். மனிதர்கள் படுத்துத் தூங்குகிற அறைக்குள் அது இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி ஏசி. ஏசி வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பேட்டரியைப் பற்றிப் பேசவே கூடாது. இந்த ஒரு பதிலில் கணக்கு மூன்று, நான்கு மடங்காக மாறும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 600 வாட் இழுத்து எட்டு மணி நேரம் ஓடினால் 4.8 யூனிட், பேட்டரியிலிருந்து ஏசி கரண்டாக மாறும் நஷ்டத்தோடு ஐந்தரை. முன்பு போட்ட கணக்கோடு சேர்த்தால் நாளைக்கு ஏழு யூனிட். அதற்கு 25.6 வோல்ட், 314 ஏ.எச். பேங்க் வேண்டும், அதில் மொத்தம் எட்டு யூனிட். பெட்டியோடு எடை 60 கிலோவை ஒட்டி நிற்கும். இதையே ட்யூபுலரில் செய்யப் போனால் எட்டு பேட்டரி, 440 கிலோ. பின் ஆக்ஸில் என்ன சொல்லும்?

ஆனால் அந்த 600 வாட் என்ற சராசரியை நம்பி யாரும் கொட்டேஷன் எழுத வேண்டாம். அது ஏசியைவிடப் பாடியைப் பொறுத்த எண். நாளெல்லாம் வெயிலில் நின்ற தகர பாடி இரவு ஒன்பது மணிக்கும் அனலை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். முதல் இரண்டு மணி நேரம் கம்ப்ரஸர் இறங்கவே இறங்காது. கரூர் பாடி கட்டும் நண்பர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பேட்டரியின் அளவு உங்கள் கையில்தான் முடிவாகிறது. பேனல் அடிக்கும் முன்பு கூரையிலும் பக்கவாட்டிலும் போடுகிற போம், கூரையின் வெள்ளை பெயின்ட், கண்ணாடிகளுக்கு வெப்பம் தடுக்கும் திரை, இரும்புச் சட்டம் நேராக உள் பேனலைத் தொடாமல் வைக்கிற இடைவெளி, இவற்றுக்கு ஆகும் செலவு கூடுதல் பேட்டரிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. பாடி முடிந்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்கு ஷெட்டிலிருந்து ஒரு சிங்கிள் பேஸ் மீட்டர் வழியாகக் கரண்ட் கொடுத்து, இரண்டு பேரை உள்ளே படுக்க வைத்து, 25 டிகிரியில் ஏசியை விடிய விடிய ஓட்டுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு ரீடிங், காலை ஆறு மணிக்கு ஒரு ரீடிங். அந்த வண்டிக்கு உண்மையான எண் அதுதான். அதன் பிறகு பேட்டரி வாங்கினால் போதும்.

சினிமா கேரவன் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டதில்லை. ஷூட்டிங் ஸ்பாட்டில் ஜெனரேட்டர் ஓடும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், பெரும்பாலும் யாரும் உள்ளே இரவு தூங்குவதில்லை. அதே பழக்கத்தில் சுற்றுலா வண்டிக்கும் “பேட்டரி இறங்கினா ஜென்செட் போட்டுக்கலாம்” என்று சொல்வது ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது; தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. போதாத பேட்டரியை விற்று, நடு ராத்திரியில் ஜென்செட்டையோ இன்ஜினையோ ஓட்டும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளினால் அதில் நமக்கும் பொறுப்பு உண்டு. ஜென்செட் வைத்த வண்டி எதுவானாலும் தரையில் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து, படுக்கைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்தாமல் டெலிவரி கொடுக்கக் கூடாது.

இப்போது இரண்டாவது எண்: திரும்ப ஏறுவது. வேனின் கூரையில் ஏசி அவுட்டோர், வென்ட் போக 500 வாட் சோலார் பேனல் வைக்கலாம். நம் ஊர் வெயிலில் ஐந்து மணி நேரக் கணக்கு. படுக்கை வசமான பேனல், சூடு, தூசி, வயர் எல்லாம் கழித்தால் எழுபது சதவீதம். நாளைக்கு ஒன்றே முக்கால் யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதில் பாதி கிடைத்தாலே அதிகம். அதோடு, மே மாதத்தில் வண்டியை நிறுத்துகிற எவரும் புளிய மரத்தடியைத்தான் தேடுவார். ஆளுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் கிளை நிழல் விழுந்தாலே மொத்த வரவும் சரியும். ஆகவே சோலாரை உறுதியான வரவாக எழுதாதீர்கள். வந்தால் லாபம் என்று எழுதுங்கள்.

ஓட்டும்போது ஏறுவதுதான் நிச்சயமான வரவு. 12 வோல்ட் வண்டியில் 50 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு 0.65 யூனிட் தரும். மூன்று மணி நேர ஓட்டத்துக்கு இரண்டு யூனிட். பழைய மாதிரி ரிலே போட்டு ஆல்டர்னேட்டரை நேராக லித்தியத்தோடு கோக்கிற வேலையை விட்டுவிட வேண்டும். லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் இழுக்கும்; மெதுவான ஆர்.பி.எம்.மில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பிஎஸ்-6 வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜே ஏறி இறங்குவதால் ரிலே வழியாகச் சரியாக நிரம்பவும் செய்யாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஏசி வண்டியின் செலவு ஏழு. நல்ல வெயிலிலும் மூன்று மணி நேர ஓட்டத்திலும் வரவு மூன்றே முக்கால். பேட்டரியை இரட்டிப்பாக்கினாலும் இந்தப் பள்ளம் ஒரு நாள் தள்ளிப்போகுமே தவிர மூடாது. ஆகவே வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லலாம்: “ஒரு ராத்திரி ஏசி உறுதி. ரெண்டாவது ராத்திரி ப்ளக் பாயின்ட் இருக்கற இடமாப் பார்த்து நிறுத்துங்க.” அந்த ப்ளக் பாயின்டில் விடிவதற்குள் நிரம்புகிற அளவுக்குச் சார்ஜர் இருக்க வேண்டும், 24 வோல்ட்டில் 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 0.8 யூனிட்தான் ஏற்றும். அந்த உண்மை பிடிக்காமல் வேறு பட்டறைக்குப் போகிறவர் போகட்டும்.

மலை வண்டிக்குக் கணக்கே வேறு. கொடைக்கானல் டிசம்பரில் ஏசியும் வேண்டாம், பேனும் வேண்டாம், வெந்நீர் வேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். நான்கு பேர் குளித்தால் இரண்டு யூனிட் காலி. அதை அடுப்பில் வைப்பதே மேல். லடாக், ஸ்பிதி போகிறவர்களுக்கு இன்னொன்று: பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் செல் கெடும். பேட்டரியை வண்டிக்குள் வைப்பதோடு, குளிரில் சார்ஜை வெட்டுகிற பி.எம்.எஸ். இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பி.எம்.எஸ். விஷயத்தில் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 12.8 வோல்ட்டில் 175 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் பி.எம்.எஸ். உள்ள பேட்டரியில் எத்தனை யூனிட் இருந்தும் பயனில்லை, அடுப்பைப் போட்டதும் வெட்டிவிடும். 2,000 வாட்டைத் தாண்டினால் 24 வோல்ட்டுக்குப் போய்விடுவது நல்லது. கரண்ட் பாதியானால் கேபிளில் சூடாகப் போகிற நஷ்டம் கால்பங்காகிறது. பேட்டரியை ஒட்டியே மெயின் ப்யூஸ், நெகட்டிவில் ஷன்ட் மீட்டர். லித்தியத்தின் வோல்டேஜ் கிட்டத்தட்டக் கடைசிவரை ஒரே மட்டத்தில் நிற்பதால், வோல்ட் மீட்டரைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது.

அடுத்த இதழிலிருந்து இரவு ரீடிங் பட்டியல் ஒன்றை வெளியிடப் போகிறோம். உங்கள் பட்டறையில் முடித்த வண்டியின் நீளம், இன்சுலேஷன் என்ன, எவ்வளவு தடிமன், ஏசியின் டன், எந்த ஊர், எந்த மாதம், இரவு பத்து மணி ரீடிங், காலை ஆறு மணி ரீடிங், இவ்வளவும் எழுதி அனுப்புங்கள். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். ரீடிங் மோசமாக வந்த வண்டிகளையும் அனுப்புங்கள். இன்சுலேஷன் எங்கே விட்டுப்போனது என்று தெரிந்தால் அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.