துவிசக்கர வண்டியும் உத்தியோக கௌரவமும்

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நான்கு கிலோமீட்டர்கூட இல்லாதபோதும், அந்தத் தூரத்தைக் கடக்க மோட்டார் வாகனம் ஒன்றே உபாயம் என்று நம் நகரவாசிகள் தீர்மானித்துவிட்டார்கள். இவர்களுடைய தகப்பனார்களில் எத்தனையோ குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ஆலைத் தொழிலாளர்களும், ஹேண்டில்பாரில் தூக்குப்பாத்திரத்தை மாட்டிக்கொண்டு, ஆயுள் முழுவதும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார்கள். அதனால் அவர்களுக்கு யாதொரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

சைக்கிளில் போகலாமே என்று யோசனை சொன்னால் முதலில் வெயிலைக் காரணம் காட்டுவார்கள். நிதானமாக மிதிப்பவரும் மணிக்கு 12 கிலோமீட்டர் போய்விடுவார் ஆகையால், நான்கு கிலோமீட்டருக்கு 20 நிமிஷமே ஆகும். காலை எட்டரை மணிக்குப் புறப்படுகிறவர் பையில் ஒரு மாற்றுச் சட்டையை வைத்துக்கொண்டால் சித்திரை மாதத்தையும் சமாளித்துவிடலாம்.

வெயில் ஒரு வியாஜந்தான். மெய்யான தடை கௌரவம். காரில் வருகிறவருக்கு வாசற்காவலர் சலாம் வைப்பதும், சைக்கிளில் வருகிறவரை ‘அந்தப் பக்கம் நிறுத்துங்க’ என்று சுவரோரமாக ஒதுக்குவதும் நாம் நித்தியம் காணும் காட்சி. அரசாங்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகளோ முதல் சம்பளம் வாங்கியதும் அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்குகிறார்கள்!

இதைவிடப் பெரிய லஜ்ஜையை வென்றவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தறிவு புகட்ட வந்த அறிவொளி இயக்கம் சைக்கிள் பயிற்சியையும் தன் பணியின் ஓர் அங்கமாக்கிக்கொண்டது. பெண் சைக்கிள் விடுவதை ஊரே நின்று வேடிக்கை பார்த்துப் பரிகாசம் செய்த அந்நாளில், வயலில் கூலி வேலை செய்தவர்களும் கல்குவாரியில் கல் உடைத்தவர்களும் கிராமத்துச் செவிலியரும் ஆயிரக்கணக்கில் முன்வந்து கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான வண்டிகள் போதாமற்போனபோது ஆண்கள் ஓட்டும் பார் வண்டியிலேயே ஏறினார்கள். அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பது அதிலே அவர்கள் கண்ட சௌகரியம். பேருந்துக்காக நெடுநேரம் காத்திருப்பதும், துணைக்கு ஓர் ஆண்மகனை எதிர்பார்த்திருப்பதும் அத்துடன் ஒழிந்தன. ஊராரின் ஏளனத்தை அவர்கள் பொருட்படுத்தாமல் போனார்களென்றால், படித்த உத்தியோகஸ்தர் ஒருவர் வாசற்காவலரின் சலாமைத் துறக்கக்கூடாதா?

லாரிக்கும் பேருந்துக்கும் அஞ்சுவது மட்டும் நியாயமானதே. அதை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலும் பாதுகாப்பான பாதைகள் தாமாக அமைந்துவிடவில்லை. 1971-ல் மட்டும் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் அந்நாட்டுச் சாலை விபத்துக்களில் மாண்டார்கள். பெற்றோர் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தார்கள். அடுத்த ஆண்டுகளில் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளவே அரசாங்கம் செவிசாய்த்தது. சைக்கிளோட்டிகள் திரளாக வீதியில் தென்படாத ஊரில் அவர்களுக்கென்று பாதை போட எந்த நகராட்சிக்கு மனம் வரும்?

ஆகையால் அலுவலகம் அருகிலே உள்ளவர்களை வேண்டிக்கொள்கிறேன்: வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டியை இறக்கித் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, பிரேக் கட்டைகளைச் சரிபார்த்து, சந்தடியில்லாத அந்த வேளையில் ஒருமுறை அலுவலகம்வரை போய்த் திரும்பி வழியைப் பழகிக்கொண்டு, திங்கட்கிழமை காலையிலேயே சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.