இருப்பில் இல்லாத நூலுக்கும் ஓர் இடம்

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புறப்படுமுன் வாங்க வேண்டிய நூல்களைத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வது நம்மில் பலருக்கு வழக்கம். திரும்பி வரும்போது அத்தாளில் சில பெயர்கள் அடிக்கப்படாமலே எஞ்சியிருக்கும்; 'இருப்பில் இல்லை' என்பதே காரணம். இணையப் புத்தகக் கடைகள் திட்டமிடும் விருப்பப் பட்டியல், எஞ்சிய அந்தப் பெயர்களுக்கே முதலில் பயன்பட வேண்டும் என்று கருதுகிறோம்.

பொதுவாக இவ்வசதியைத் துணிக்கடை, பாத்திரக்கடைத் தளங்களைப் பார்த்தே அமைக்கிறார்கள். விலை குறைந்தால் நினைவூட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு சேலை தீர்ந்தால் இன்னொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு நாவலுக்கு இன்னொரு நாவல் ஈடாகாது. தீர்ந்துபோன நூலின் பக்கத்தைத் தளத்திலிருந்து நீக்கும்போது, அதைத் தேடி வந்தவரின் விருப்பமும் பதிவாகாமல் மறைகிறது.

2000களில் உயிர்மை வெளியிட்ட நூல்களைப் புரட்டினால், அபிராமபுரம் சுப்பிரமணியம் தெரு என்ற முகவரியைக் காணலாம். தமிழின் இலக்கிய நூல்களில் பெரும்பகுதி இத்தகைய தெருக்களில் இயங்கிய சிறிய அலுவலகங்களிலிருந்து வந்தவையே. மறுபதிப்பை அனுமானத்தில் முடிவுசெய்து, விற்காத கட்டுகளுக்கு வாடகை கொடுப்பது இவர்களுக்குப் பெருஞ்சுமை. இன்றோ ஐம்பது, நூறு பிரதிகள்கூட அச்சிட முடிகிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்குதான் இல்லை.

இது நமக்குப் புதிதல்ல. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், வாங்க விரும்புவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். அதுவும் ஒரு விருப்பப் பட்டியலே.

எனவே மூன்றைக் கேட்கிறோம். முதலாவது, நூலின் பெயரோடு பதிப்பையும் குறிக்க இடம் வேண்டும். நாட்டுடைமையான 'பொன்னியின் செல்வ'னைப் பலர் வெளியிடும் நிலையில், பெயர் மட்டும் போதாது. இரண்டாவது, ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் தேடல் அதே நூலுக்கு இட்டுச்செல்ல வேண்டும். இல்லையேல் ஒரே நூலுக்கான விருப்பங்கள் சிதறிப்போகும். மூன்றாவது, எண்ணிக்கை மட்டுமே பதிப்பாளருக்குப் போக வேண்டும். யார் எதைப் படிக்க விரும்புகிறார் என்பது அவரவர் அந்தரங்கம்.

'விரும்புவோரெல்லாம் வாங்குவார்களா?' என்று பதிப்பாளர் கேட்கலாம். நியாயமான ஐயம்தான், ஒரு சொடுக்குக்குச் செலவில்லை. ஆகவே குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் பட்டியலிலுள்ளோரிடம் சிறு முன்பணம் கேட்கட்டும். தமிழ்ப் பதிப்புலகம் முன்வெளியீட்டுத் திட்டங்களை அறியாததல்ல. முன்பணம் போதுமான அளவு சேராவிட்டால் திருப்பித் தரலாம். அச்சிட்ட கட்டுகளைப் போல அது யாருக்கும் சுமையாகாது.

கடைக்கு இதனால் உடனடி விற்பனை இல்லைதான். ஆனால் மறுபதிப்பு வந்தால் முதலில் விற்கப்போவதும் அந்தக் கடையே.