இல்லறக் குறிப்புகள்: முகவரியில்லாத கடிதத்துக்கு மறுமொழி



சென்ற மாதம் இப்பகுதியில் ஊரிலிருந்து புளியும் வடகமும் கொண்டுவருவதைப் பற்றி எழுதியிருந்தோம். வடகம் காயவைக்க நாக்பூர் வெயிலுக்கு நிகர் வேறில்லை என்று இம்மாதம் தொடர எண்ணியிருந்தோம். அதற்குள் சங்கத்து நூலகப் பெட்டியில் நமக்கென்று ஓர் உறை வந்து விழுந்தது. உள்ளே இரண்டு பக்கக் கடிதம். கையொப்பம் இல்லை, முகவரியும் இல்லை.

எழுதியவர் இளைஞர். மணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறதாம். மனைவி ஊரிலிருந்து இங்கு வந்து சேர்ந்த சில மாதங்களில் அவருக்குப் பிறப்புறுப்பில் சிறு சிறு மருக்கள் தோன்றின. மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட்டார், மறுபடியும் முளைத்தன. மீண்டும் எடுத்தார், மீண்டும் வந்தன. இது ஆண் பெண் சேர்க்கையால் பரவுவது என்று எங்கோ படித்திருக்கிறார். தாம் தவறேதும் செய்யாதவராதலால், தவறு மனைவியுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். வரும் 24ஆம் தேதி கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பப் பயணச்சீட்டும் பதிவு செய்தாயிற்றாம். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. “இது வேறு வழியாக வருமா? இதை மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

முகவரி இருந்திருந்தால் தனியே மறுமொழி விடுத்திருப்போம். இல்லாமையால் இங்கு எழுதுகிறோம். இதழ் 10ஆம் தேதிவாக்கில் வீடுகளுக்கு வந்துவிடும். இடையில் இரு வாரம் இருக்கிறது. குழந்தைகளும் புரட்டும் பத்திரிகையில் இப்படியொரு பொருளா என்று சில பெரியவர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுச் சமையற் குறிப்புக்குச் செல்லலாம்.

நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீது பார்த்துப் பிழைப்பவர். இதைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும். இது நம் வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருந்த வியாதி. ‘நண்பர் ஒருவர் வீட்டில்’ என்று தொடங்கித்தான் முதலில் எழுதினோம். எழுதியதைப் படித்துப் பார்த்த நம் இல்லாள், “என்னங்க, யாரோ நண்பர்னு எழுதினா அந்தத் தம்பி நம்புவாரா? நம்ம வீடுன்னே எழுதுங்க” என்றாள். புனைபெயரில் எழுதினாலும் எழுதுபவர் யார் என்பது சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியுமே என்றோம். “தெரிஞ்சா தெரியட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே எழுதுகிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மாமனார் நோயுற்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள நம் இல்லாள் கும்பகோணத்தில் நான்கு மாதம் தங்கும்படி ஆயிற்று. அவள் திரும்பி வந்த இரண்டாம் மாதம் நம் உடம்பில் மூன்று மருக்களைக் கண்டோம். வலியில்லை, அரிப்பில்லை. பாலுண்ணி என்று எண்ணிக் கடைவீதியில் ஒரு மருந்துக் கடையில், இடத்தைச் சொல்லக் கூசி, காலில் என்று சொன்னோம். கடைக்காரர் கால் ஆணிக்குத் தடவும் திராவகத்தைக் கொடுத்தார். அதை அவ்விடத்தில் தடவிக்கொண்டு அன்றிரவு பட்ட பாட்டை விவரிப்பதற்கில்லை. தோல் வெந்து, பத்து நாள் நடக்க முடியாமல் விடுப்பு எடுத்தோம். கால் ஆணி மருந்தை மறைவிடத்தில் தடவவே கூடாதென்று பின்னர் அறிந்தோம். கடைக்காரர் மேல் குற்றமில்லை. பொய் சொன்னவர் நாம்.

அந்தப் பத்து நாள் விடுப்பில்தான் சந்தேகம் புகுந்தது. கடிதம் எழுதிய தம்பியின் கணக்கையே நாமும் போட்டோம்: நான்கு மாதம் பிரிவு, திரும்பிய இரண்டாம் மாதம் நோய். அவள் உறங்கும்போது அவளுடைய கைப்பேசியை எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்தவை மாமனாரின் மருந்துச் சீட்டுகளின் படங்களும், நம் மகள் பாட்டி வீட்டுத் திண்ணையில் ஆடும் படங்களுமே.

காலனியில் தெரிந்தவர் கண்ணில் படுவோமே என்று அஞ்சி, வேறொரு மருத்துவமனையின் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சென்றோம். மருத்துவர் மராட்டியர், வயது முதிர்ந்தவர். அவர் இந்தியில் பொறுமையாகச் சொன்னதையும், பிற்பாடு நாம் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

இந்த மருக்களை உண்டாக்குவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி., என்னும் நுண்கிருமி. இதில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் வரும் மருவுக்குச் சில வகைகள். பிறப்புறுப்பு மருவில் 100க்கு 90க்குக் காரணம் 6, 11 என்னும் எண்ணுடைய இரு வகைகள். தோலோடு தோல் உராய்வதால், பெரும்பாலும் உடலுறவால், பரவுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்குமேயன்றி, அது மூடாத இடத்துத் தோலும் படுமாதலால் முற்றும் தடுக்காது. இல்லறத்தில் ஈடுபட்ட மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இக்கிருமியின் ஏதேனும் ஒரு வகை தொற்றுகிறது. அவர்களில் பெரும்பாலோர் அதை அறிவதே இல்லை. ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை அடக்கிவிடுகிறது.

தம்பி கவனிக்கவேண்டியது இனித்தான். கிருமி புகுந்த சில வாரங்களிலும் மரு தோன்றலாம். பல மாதங்கள் கழித்தும் தோன்றலாம். ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்துவிட்டுத் தோன்றவும் கூடும். ஒருவரிடம் மரு தெரியாமலே அவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லவும் கூடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுசொல்லும் சோதனை எதுவும் இல்லை. நம் அலுவலகத்தில் ஒரு வேகன் வந்து நின்றால், புறப்பட்ட நிலையம், தேதி, அனுப்பியவர், பெறுபவர் அனைத்தும் ரசீதில் இருக்கும். இந்தச் சரக்குக்கு ரசீதே கிடையாது. கணவனுக்கு முதலில் கண்டதால் மனைவியிடமிருந்து வந்தது என்பதும் இல்லை. மனைவிக்கு முதலில் கண்டதால் கணவனிடமிருந்து வந்தது என்பதும் இல்லை.

இவ்வியாதி உடலுறவால் பரவுவது என்பதை மருத்துவ உலகம் உறுதிகொண்ட வரலாற்றிலும் பிரிந்திருந்த தம்பதியரின் கதை உண்டு. கொரியாவிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியருக்கு, கணவர் வந்த 4 முதல் 6 வாரங்களில் மருக்கள் கண்டதை 1954-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தப் படைவீரர்களுக்கு அயல்நாட்டில் இருந்தபோதே மரு இருந்தது தெரிந்த செய்தி. தெரியாத இடத்தில் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பழி சுமத்த அந்த ஆராய்ச்சி இடந்தரவில்லை.

மருத்துவர் நம்மிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: திருமணத்திற்கு முன் எவ்வாறு இருந்தீர்கள் என்று. நாம் தலைகுனிந்தோம். வேலைக்கு வந்த புதிதில், தனியே அறை எடுத்துத் தங்கியிருந்த நாளில், ஒருமுறை தவறியதுண்டு. அதற்கும் இதற்கும் இடையில் எட்டு ஆண்டுகள். அதிலிருந்து வந்ததா என்றால், சொல்ல முடியாது என்றார். வரவில்லையா என்றால், அதையும் சொல்ல முடியாது என்றார். மனைவியை அழைத்துவாருங்கள், அவரையும் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிரவு மகள் உறங்கிய பின் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அழவில்லை. நெடுநேரம் கழித்து, “அப்போ என் போனை எதுக்கு எடுத்துப் பார்த்தீங்க?” என்று ஒன்று மட்டும் கேட்டாள். அவள் உறங்கவில்லை போலும். அதற்கு நம்மிடம் விடையில்லை. பதினொரு நாள் பேச்சில்லை. சோறு வரும், காப்பி வரும், சொல் வராது. இரண்டு அறை குவார்ட்டர்ஸில் நாம் முன்கூடத்தில் படுத்தோம். அப்பா ஏன் கூடத்தில் படுக்கிறார் என்று ஐந்து வயது மகள் கேட்டதற்கு, அப்பாவுக்கு முதுகுவலி என்று அவளே விடை சொன்னாள். பன்னிரண்டாம் நாள் காலை புடவை மாற்றிக்கொண்டு வந்து, “டாக்டர்கிட்டப் போகலாம்” என்றாள்.

அவளைச் சோதித்ததில், அவளே அறியாமல் உட்புறம் இரண்டு சிறு மருக்கள் இருந்தன. எது முந்தியது என்று எவராலும் சொல்ல இயலாது. இருவருக்கும் மேகநோய்க்கும் ஹெச்.ஐ.வி.க்கும் இரத்தச் சோதனை செய்தார்கள். மேகநோயின் இரண்டாம் நிலையில் தோன்றும் தடிப்புகள் மருவைப்போலவே தெரியுமாதலால் இச்சோதனை அவசியமாம். இரண்டும் இல்லையென்று வந்தது. தம்பி இன்னும் செய்துகொள்ளவில்லையாயின் செய்துகொள்ளட்டும்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். திரவ நைட்ரஜன் என்னும், சுழியத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிர்ந்த நீர்மத்தால் மருவை உறையவைப்பார்கள். சுள்ளென்று எரிந்து, கொப்புளித்து, சில நாளில் உதிரும். மின்சூட்டால் சுடுவதும் உண்டு. இமிக்விமோட் என்னும் களிம்பை வாரத்தில் மூன்று இரவுகள் தடவி, காலையில் கழுவவேண்டும்; 16 வாரம் வரை ஆகலாம். இக்களிம்பு ஆணுறையின் ரப்பரை நலிவிக்கும் என்பதை மறவாதீர்கள். எந்தச் சிகிச்சையும் கண்ணுக்குத் தெரியும் மருவை நீக்குமேயன்றி, சுற்றியுள்ள தோலில் உறையும் கிருமியை அழிப்பதில்லை. எனவேதான் சிகிச்சைக்குப் பிந்திய மூன்று மாதங்களில் மறுபடியும் முளைப்பது மிகச் சாதாரணம். மறுபடியும் முளைத்தால் மறுபடியும் யாரோ கொடுத்தார்கள் என்று பொருளல்ல. நமக்கு முதல் ஆண்டில் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் கூடத்துப் பாய் விரிக்கப்பட்டது. புகைப்பவருக்கு இது எளிதில் அடங்காது என்று மருத்துவர் கண்டித்ததால் பீடியை விட்டோம். அந்த ஒரு நன்மை விளைந்தது.

வீட்டில் துவாலை, சோப்பு, வாளி எல்லாம் நமக்கென்று தனியாகிவிட்டன. ஒரு வீட்டில் தீண்டாதவராய் இருப்பது எப்படியென்று அப்போது கண்டோம். இதற்கு அவ்வளவு வேண்டாம், ஒரே வீட்டில் புழங்குவதால் குழந்தைக்கு வந்துவிடும் என்று அஞ்சவேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வாளி ஒன்றாயிற்று. மருக்கள் இருக்கும் காலத்தில் விலகியிருக்கவும், பின்னர் சில மாதங்கள் உறை பயன்படுத்தவும் சொன்னார்.

பிறகு அவள் மறுபடியும் கருவுற்றாள். கர்ப்ப காலத்தில் மருக்கள் பெருகக்கூடும், பெருகின. குழந்தைக்கு என்னாகுமோ என்று அவள் ஒடுங்கிப்போனாள். கர்ப்பத்தில் போடோபிலின் மருந்து ஆகவே ஆகாது. ஆதலால் உறையவைக்கும் முறையையே கையாண்டார்கள். பிறக்கும் குழந்தையின் தொண்டையில் மரு தோன்றுவது உண்டெனினும் மிக அரிது. வழியை அடைத்தாலன்றி, மருவுக்காகவே வயிற்றைக் கிழித்து எடுக்கவேண்டியதில்லை என்று மகப்பேறு மருத்துவர் தெளிவாகச் சொன்னார். சுகப்பிரசவம். பையனுக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. சங்கத்து ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்திழுத்தவன் அவன்தான். பிரசவத்துக்குப் பின் அவளுடைய மருக்கள் தாமே சுருங்கி மறைந்தன.

புற்றுநோய் அச்சம் பற்றி ஒரு வார்த்தை. மரு உண்டாக்கும் 6, 11 வகைகள் புற்றுநோயை உண்டாக்குபவை அல்ல. கருப்பைவாய்ப் புற்றில் 100க்கு சுமார் 70க்குக் காரணம் 16, 18 என்னும் வேறு வகைகள். எனினும் ஒன்று வந்த இடத்தில் மற்றொன்றும் இருக்கலாமாதலால், மரு உண்டோ இல்லையோ, 30 வயது கடந்த பெண்கள் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொள்வது நல்லது. அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கொருமுறை அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. சென்ற ஆண்டு நம் இல்லாளுக்குச் செய்ததில் குறையில்லை. தடுப்பூசியும் இருக்கிறது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023-ல் வெளிவந்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் காப்பு. வந்துவிட்ட மருவை இது போக்காது, வருமுன் போடவேண்டியது. ஒன்பது வயதான நம் மகளுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. எதற்கு ஊசி என்றாள், பெரியவளானதும் சொல்கிறேன் என்று தாய் சொல்லியிருக்கிறாள்.

நமக்குக் கடைசியாக ஒரு மரு தோன்றிப் பதினான்கு மாதம் ஆகிறது. இனி வராது என்று மருத்துவர் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை. கைப்பேசி விஷயத்தை அவள் மறந்தாளா என்பதையும் கேட்டதில்லை. அதை இப்போது மேசைமேல் திறந்தே வைத்துவிட்டுப் போகிறாள். அது மன்னிப்பா, குத்திக்காட்டலா என்று இன்றளவும் நமக்கு விளங்கவில்லை.

தம்பி, பயணச்சீட்டை முன்கூட்டி ரத்து செய்தால் பிடித்தம் குறைவு, ரயில்வேக்காரர் சொல்கிறோம். உம் மனைவியையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வீராயின், போகுமுன் காரணத்தைச் சொல்லி அழைத்துச் செல்லும். இந்த மாதத்து ஞாயிறுகளில் மாலை 5 முதல் 7 வரை நாம் நூலக அறையில் இருப்போம். பழைய இதழ் கேட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வரலாம். உம் மனைவி பெண்ணொருத்தியோடு பேச விரும்பினால் நம் இல்லாளும் உடன் வருவதாகச் சொல்கிறாள்.