சுவரில் என்ன மாட்டுவது?

பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்ததிலிருந்து நான்கு புதுமனை புகுவிழாவுக்குப் போய்வந்துவிட்டேன். நான்கும் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்து, லோன் போட்டுக் கட்டிய வீடு. பார்க்கவே மனசு நிறைந்தது. ஆனால் ஹால் சுவரைப் பார்த்தால் நான்கும் ஒரே வீடு! ஓடுகிற ஏழு குதிரை, கண்மூடிய புத்தர் முகம், அட்டைப் பலகையில் வெட்டிய ஆங்கில எழுத்து. "ஆன்லைன்ல வாங்கினது டீச்சர், மூவாயிரத்து சொச்சம்" என்றான் ஒருவன். குதிரை வாஸ்துவுக்காம். இருக்கட்டும்.

என் கருத்து இதுதான். வீட்டில் ஒரு சுவரிலாவது வீட்டில் இருப்பவர்கள் கையால் செய்தது தொங்க வேண்டும். அதற்கு ஒரு மரப்பலகையும் ஒரு நல்ல தாளும் போதும். இரண்டுமே நம் ஊரில் கொட்டிக் கிடக்கின்றன.

முதலில் தாள். உங்கள் வீட்டுப் பரணில் எத்தனை கல்யாணப் பத்திரிகை இருக்கும்? தடித்த தாள், பொன் அச்சு, மயில், மாங்காய், தாமரை. பிள்ளையார் படம் இருப்பதால் குப்பையில் போட மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. கடைசியில் அரசமரத்தடியில் உடைந்த கண்ணாடிப் படங்களோடு மழையில் ஊறும். அதைவிடக் கத்தரித்துப் பலகையில் ஒட்டுவது சாமிக்கும் மரியாதை என்றே நினைக்கிறேன்.

பத்திரிகையைவிட உயர்ந்த தாள் ஒன்று நம் பக்கம் உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்கு டிசைன் போட்ட கிராஃப் தாள். கட்டம் கட்டமாக வண்ணம் அடித்த அன்னம், யாளி, ருத்ராட்சம், கோபுரக் கரை. அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பார்கள். துளை இருந்தால் ஊசி உள்ளே போய் அந்தப் பாவு நூல் மேலே எழும், இல்லையென்றால் எழாது. ஒரு சின்ன புட்டாவுக்கே நிறைய அட்டை வேண்டும். இப்போது டிசைன் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள், எலக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. பழைய கிராஃப் தாளையும் அட்டைக் கட்டையும் எடைக்குப் போடுகிறார்கள். உங்களில் எத்தனை பேருடைய தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்தவர் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள் கிலோ கணக்கில் போகும்போது ஏழு குதிரைக்கு மூவாயிரம் கொடுப்பது எனக்கு வலிக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"டீச்சர் யூடியூப் பார்த்துட்டுப் பேசறாங்க" என்று சிலர் நினைக்கலாம். பலகையில் ஒட்டிப் படம் செய்வது நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே பெயர். பலாப்பலகைமேல் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, அதன்மேல் கல்லும் தங்கரேக்கும் பதிப்பது. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து சாமி படங்களை அச்சிட்ட பிறகு, வாங்கியவர்கள் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜ ஜரிகையும் சம்கியும் ஒட்டிப் புடவை கட்டிவிட்டார்கள். கடையில் வாங்கிய படத்திலும் வீட்டுக் கை ஒன்று பட்டது.

இனி பலகை. வண்டலூர் சாலையில் போகும்போது ஓரத்தில் பழைய பேக்கிங் மரம் அடுக்கி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொரியா, ஜப்பான், ஜெர்மனியிலிருந்து உதிரி பாகங்களைச் சுமந்து வந்த பேலட்டும் பெட்டியும். பெரும்பாலும் பைன் மரம், லேசானது, ஆணி நன்றாக இறங்கும். விறகுக்கும் கோழிக்கூண்டுக்கும் போகிறது.

வாங்கும் முன் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் போல ஒரு சின்னம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, எண், பிறகு சிகிச்சைக் குறி. மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போகக் கூடாது என்பதற்காக 2002-ல் வந்த சர்வதேச விதி அது. எச்.டி. என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றியது. அதைத் தாராளமாக வாங்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அது விஷவாயு, ஓசோன் படலத்தைக் கெடுப்பதும்கூட. புகை எப்போதோ பறந்திருக்கும் என்பார்கள். பிள்ளை தூங்கும் அறைக்கு அந்தப் பலகை வேண்டாம் என்பேன் நான். எண்ணெய்க் கறை, கெமிக்கல் வாடை உள்ளதையும் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு. ஓரமாகக் கிடக்கிற ஸ்கிராப் தானே என்று பலகையைத் தூக்கி வராதீர்கள். அது கணக்கில் உள்ள பொருள். கேட் பாஸ் இல்லாமல் வெளியே வந்தால், கான்ட்ராக்டில் இருக்கும் பிள்ளைக்கு வேலையே போய்விடும். கடையில் காசு கொடுத்து வாங்குங்கள்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. உப்புத்தாள் போட்டுச் சிலாம்பு போகத் தேயுங்கள். ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்திப் பலகையில் தடவி, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஸ்கேலால் நீவுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மைதாப் பசை காய்ச்சுபவர்கள் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள், இராமபாணப் பூச்சி வராது. ஆனால் அது விஷம், சிறு பிள்ளைகள் கைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுச் சுவர்கள் ஓதம் காக்கும். அதனால் பலகையின் பின்பக்கம் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டி, சுவரைவிட்டுத் தள்ளி நிற்க வையுங்கள்.

"பன்னிரண்டு மணி நேரம் வேலை, போக வர இரண்டு மணி நேரம், இதுல பலகை தேய்க்கச் சொல்றீங்களே டீச்சர்" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயம். அவளுக்கு என்னிடம் பதில் இல்லை, அவள் தூங்கட்டும். செலவும் பெரிதாக மிச்சமாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்பது வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக. கைவேலைப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிட்ட பள்ளிகள் பல. புராஜெக்ட் என்றால் ஸ்டேஷனரி கடையில் தயாராகக் கிடைக்கிறது. போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் கேட்டேன்: பலகை 40 செ.மீ. நீளம், 10 அகலம், 2 கனம். நான்கு பக்கமும் பின்னால் 2 செ.மீ. மடித்து ஒட்ட எவ்வளவு பெரிய தாள் வெட்ட வேண்டும்? சுற்றளவு, பரப்பளவு சூத்திரம் ஒப்பிக்கிற பிள்ளைகள். நால்வர் 44-க்கு 14 என்றார்கள். பலகைக்குக் கனம் உண்டு என்பது கணக்கில் வரவே இல்லை. கையில் பலகையைக் கொடுத்ததும் ஒரு சிறுமி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயோ, 48-க்கு 18!" என்றாள். இதற்காகத்தான் சொல்கிறேன்.

என்ன ஒட்டுவது என்று கேட்டால், நம் ஊரை ஒட்டுங்கள். பக்கத்தில் புள்ளலூரில் 1780-ல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். அந்தப் போர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை அரண்மனைச் சுவர் முழுக்க ஓவியமாக நிற்கிறது. பத்துத் தாள்களில் வரைந்த அதன் பெரிய படி ஒன்று 2022-ல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. வாலாஜாபாத்தில் எந்த வீட்டுச் சுவரிலும் அதை நான் பார்த்ததில்லை. பாலாறு, ஏரிக்கரை, தாத்தாவின் கிராஃப் தாள், அத்தையின் கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி.

இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் என் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. பலகை நான் வாங்கி வைக்கிறேன். கத்தரிக்கோலும் வீட்டில் கிடக்கும் தாளும் கொண்டு வரச் சொல்லுங்கள். பழைய டிசைன் தாள் எடைக்குப் போடப் போகிறவர்கள் அதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.