டிராக்டர் பானட்டில் ஸ்டிக்கர் தடம்: தின்னர் வேண்டாம்

பழைய டிராக்டர் வாங்கிய வாசகர் ஒருவர், பானட்டின் இரு பக்கமும் ஒட்டியிருந்த அலங்காரப் பட்டைகளை உரித்துவிட்டார். உரித்த இடத்தில் பசை பிசுபிசுக்கிறது; பட்டையின் வடிவமும் அப்படியே தெரிகிறது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா, உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாமா என்று கேட்டுள்ளார்.

இரண்டும் வேண்டாம். தின்னர் பசையோடு பெயிண்டையும் இளக்கிவிடும். இடையில் ஒருமுறை பெயிண்ட் அடித்த வண்டி என்றால், நிறம் துணியோடு வந்துவிடும். உப்புத்தாள் மேல்பூச்சைச் சுரண்டும். தகரம் வெளியே தெரிந்தால், சேற்றிலும் உரத்திலும் புழங்கும் வண்டியில் துரு சீக்கிரம் ஏறும். விற்கும்போது விலையும் குறையும்.

முதலில் தடம் எந்த வகை என்று பார்க்கவும். விரலில் ஒட்டினால் பசை. வழவழப்பாக இருந்தும் வடிவம் தெரிந்தால் அது அழுக்கு அல்ல. பட்டைக்கு அடியில் வெயில் படாத பெயிண்ட் பழைய நிறத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள பெயிண்ட் வெளுத்திருக்கிறது.

பசையை நீக்கும் முறை:

1. எஞ்சின் நன்கு ஆறிய பின், வண்டியை நிழலில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரால் கழுவவும். மண் ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது கீறல் விழும்.

2. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பசையின் மேல் சில நிமிடம் போட்டு வைக்கவும். இளகியதும் பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் தள்ளி எடுக்கவும். கத்தி, பிளேடு, கம்பி பிரஷ் ஆகாது.

3. மீதிப் பசையை மண்ணெண்ணெய் அல்லது நீலகிரித் தைலம் தொட்ட துணியால் துடைக்கவும். முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் துடைத்து, நிறம் துணியில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. பெட்ரோல் அறவே வேண்டாம். பிளாஸ்டிக் பாகங்களுக்கு வெந்நீரும் தேங்காய் எண்ணெயும் போதும்.

4. எண்ணெய்ப்பசை போக மறுபடி சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்து உலர விடவும்.

நிற வித்தியாசத்துக்கு, வெளுத்த பகுதியில் ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியால் அழுத்தாமல் தேய்க்கவும். பானட்டின் மடிப்பு, விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே கை படாமல் விடுவது நல்லது. முடிவில் மெழுகு பாலிஷ் போடவும். பல வருட வெயில் பட்ட வண்டியில் தடம் முழுவதும் மறையாது. அப்போது பழைய பட்டையைவிடச் சற்று அகலமான புதிய பட்டை ஒட்டுவதே செலவு குறைந்த வழி.

தகரம் ஏற்கெனவே தெரிகிற இடத்தில் மட்டும் உப்புத்தாளால் துருவை எடுத்து, உடனே பிரைமரும் பெயிண்டும் பூசவும். முழு வண்டியின் நிறத்தையும் மாற்றுவதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும், ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பி.டி.ஓ. தண்டு அருகில் உள்ள எச்சரிக்கை ஸ்டிக்கர், பின்புறமும் டிரெய்லரிலும் உள்ள ஒளி திருப்பும் பட்டைகள், சேஸிஸ் எண் தகடு ஆகியவற்றைத் தொடக் கூடாது. கரும்பு, நெல் ஏற்றி இரவில் வரும் டிரெய்லரைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவது அந்தப் பட்டைதான். அலங்காரப் பட்டையோடு அதையும் உரித்திருந்தால், வண்டி ரோட்டில் ஏறும் முன் புதிதாக ஒட்டிவிடவும்.