மட்காட்டில் ஒரு ஓட்டை இருந்தது

தம்பி, உமக்கு என்னை நினைவிருக்காது. எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தீர். சீனி வேண்டாம் என்றீர். வாய்க்கு வாய் 'ரீச்சர், ரீச்சர்' என்றீர். சைக்கிளைப் பட்டா லொறியில் ஏற்றிக் கயிறு கட்டி முடிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பரவாயில்லை. சாமான் வாங்க வந்தவர் உறவு கொண்டாட வரவில்லைத்தானே.

நேற்று இரவு அண்ணனின் மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமி, இது எங்கட அப்பப்பான்ர சைக்கிள் எல்லே?"

பார்த்தேன். கறுப்பாய் இருந்தது கரும்பச்சையாகி மினுங்குகிறது. கீழே உம்முடைய எழுத்து: 1950களின் றலி, நுவரெலியாவில் ஒரு வெள்ளைக்காரத் துரை பாவித்தது, ஒரே கை, முழுக்க அசல், எந்தப் பழுதும் இல்லை. ஏலத்தின் ஆரம்ப விலை 240,000 ரூபா. அசல் என்பதற்குச் சாட்சியாக சீற்றுக்குக் கீழே பொறித்திருக்கிற இலக்கத்தைக் கிட்டப் பிடித்துப் படமும் போட்டிருக்கிறீர். அந்தப் படத்துக்கு நான் உமக்கு நன்றி சொல்லவேண்டும். அதே இலக்கம் எங்கள் றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது. அப்பா கிராமச் சபைக்குச் சைக்கிள் வரி கட்டிய துண்டுகளை ஒன்றும் எறிந்ததில்லை. துரையின் பெயர் எந்தத் துண்டிலும் இல்லை.

அப்பா சங்கக்கடை மனேச்சர். 1961 இல் மூன்று மாசச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கினது அது. நொட்டிங்காமில் செய்து கப்பலில் வந்த சாமான் என்று சொல்லும்போது, ஏதோ தான் போய்க் கூட்டிவந்தது போலச் சொல்லுவார். நான் பள்ளிக்கூடம் போனது அதன் பாரில் இருந்து. என் தங்கச்சி பிறந்த இரவு மருத்துவிச்சியை ஏற்றி வந்ததும் அதுதான். இதெல்லாம் எந்தச் சைக்கிளுக்கும் இருக்கக்கூடிய கதை, விலைக்கு உதவாது, விடும்.

ஆனால் 1990க்குப் பிறகு, சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைக்கிள் என்றால் என்ன என்று உமக்குத் தெரியுமா? உமது வயதுக்குத் தெரியாது, வீட்டில் கேட்டுப் பாரும். பெற்றோல் தடை. கார் வைத்திருந்தவர்கள் ஏ40 ஐயும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்ரார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல். மற்ற எல்லாருக்கும் சைக்கிள். விறகு, நெல்மூட்டை, வருத்தக்காரர், சில நாளில் செத்தவர், எல்லாம் கரியரில்தான் போனது. பற்றரியும் தடை, கரண்டும் இல்லை. பின்னேரத்தில் அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுத்துவான். டைனமோவில் இருந்து இழுத்த வயரில் றேடியோ முனகும். செய்தி முடியும்வரை கை ஓயக்கூடாது. நீர் 'பழைய பாணி டைனமோ, அலங்காரத்துக்கு உகந்தது' என்று எழுதியிருக்கிறீரே, அந்த டைனமோதான்.

இனி ஓட்டைக்கு வருகிறேன்.

பின் மட்காட்டில், கரியருக்குச் சற்றுக் கீழே, ஒரு புளியங்கொட்டை போகிற அளவு ஓட்டை. உள்ளுக்குப் போன பக்கம் மடிப்பு, வெளியே வந்த பக்கம் பூவிரிந்த மாதிரிக் கிழிசல். ஒழுங்கைக்குள் ஷெல் விழுந்த அன்று அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு அதன் பின்னால் நிலத்தோடு நிலமாய்ப் படுத்திருந்தார். சன்னம் மட்காட்டைத் துளைத்து, வேகம் கெட்டு, அவருடைய சாறத்தின் மடிப்புக்குள் சூடாகக் கிடந்தது. இடுப்பில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். ஒட்டித் தருகிறேன் என்று வெல்டிங் கடைக்காரர் எத்தனை தரம் கேட்டும் அவர் விடவில்லை. சேறு தெறிக்காமல் இருக்கப் பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கமாக ஒட்டினார். அந்த ஓட்டையோடு அவர் இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். ஓடவில்லை, மிதிக்கவில்லை, உருட்டினோம். ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்கு இடம் வரப் பத்து நிமிசம். கரியரில் அம்மம்மா, பாரில் தையல் மெசினின் தலை, ஹாண்டிலில் அரிசிப் பை. விடிந்தபோது இன்னும் பாலம் தாண்டவில்லை. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. இந்தச் சைக்கிள் மட்டும் போனபடி வந்தது.

நாங்கள் ஊரை விட்டு நடந்ததற்கு முந்தின மாதம், 1995 செப்ரெம்பரில், அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்ற இளைஞர் கணினியில் ஒரு ஏலத்தளம் தொடங்கினார். பிறகு ஈபே ஆனது அதுதான். அதில் முதலில் விலைபோனது ஒரு உடைந்த லேசர் சுட்டி, 14.83 டொலருக்கு. அவர் வாங்கினவருக்கு எழுதிக் கேட்டாராம்: அது உடைந்தது என்று உங்களுக்கு விளங்கினதா? விளங்கியது, நான் உடைந்த லேசர் சுட்டிகளைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். உம்முடைய இந்தத் தொழில் பழுதைச் சொல்லி விற்றதில்தான் தொடங்கியது, தம்பி.

நானும் அப்படித்தான் விற்றேன். கூரைச் சிலாகை உக்கிவிட்டது, அடுத்த மாரி தாங்காது, தச்சருக்கு முற்பணம் கொடுக்கவேண்டும். பாவித்த பொருள்களை ஏலம் விடுகிற இடம் ஒன்றைப் பெடியள் காட்டினார்கள். உள்ளதை எல்லாம் எழுதினேன். செயின் கவர் நெளிந்தது. மணி பிறகு மாற்றினது. முன் ரயர் வெடிப்பு. பின் மட்காட்டில் ஷெல் சன்னத்தால் ஒரு ஓட்டை. பின் சில்லில் ஒரு சத்தம் இருந்தது, முதலில் அதை எழுதவில்லை; யார் கவனிக்கப் போகினம் என்று நினைத்தேன். இரவு நித்திரை வரவில்லை, எழும்பி வந்து அதையும் சேர்த்தேன். அப்பா சங்கக்கடையில் நனைந்த சீனி மூட்டையை உலர்ந்ததோடு கலக்கவிடமாட்டார், 'பழுது' என்று கரியால் எழுதித் தனியே வைப்பார். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கம் இப்படித்தான் கெடும். ஓட்டை தெரியவேண்டும் என்று அந்த ரியூப் துண்டையும் உரித்து எடுத்துவிட்டுப் படம் பிடித்தேன்.

ஆரம்ப விலை 40,000 போட்டேன். முதலில் ஒருவர் 42,000 கேட்டார். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, இன்னொருவர் 180,000 கேட்டார். அம்மா சாமி அறைக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தா. கனடாவில் இருந்து ஒரு பெரியவர் ஓட்டையைப் பற்றி விசாரித்து எழுதியிருந்தார், அந்த ஓட்டையோடேயே வேண்டும் என்பது போல ஒரு பேச்சு. 180,000 ஐக் கண்டதும் அவரும் ஒதுங்கிக்கொண்டார். மூன்று நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முடிய ஐந்து நிமிசம் இருக்கும்போது 180,000 காரர் தன் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 'தவறுதலாக ஒரு பூச்சியம் கூடிவிட்டது.' ஐந்து நிமிசத்துக்குள் யார் வந்து கேட்பது? சைக்கிள் 42,000க்கு, உமக்கு.

இது ஒரு பழகின தந்திரம், உலகம் முழுக்க நடக்கிறது என்று அண்ணனின் மகள் இப்போதுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒருவர் மலைபோல விலை கேட்டு மற்றவர்களை மறைத்து நிற்பது, கூட்டாளி அதன் நிழலில் மலிவாய்க் கேட்டுவிட்டுக் காத்திருப்பது. 180,000 காரரும் நீரும் அந்த இடத்தில் ஒரே கிழமையில் சேர்ந்தவர்கள் என்பதையும் அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

பாசையூரில் மீன் கூறி விற்கிறதைப் பார்த்திருக்கிறீரா? கூறுகிறவர் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பார், கேட்கிறவர்கள் சுற்றி நிற்பார்கள். அங்கேயும் வியாபாரிகள் கண்ணால் பேசி விலையைப் பிடித்து வைப்பதுண்டு, நான் அதைத் தேவலோகம் என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணாயிரம் என்று கேட்டவன் மூன்றாம் தரம் கூறும்போது காற்றில் கரையமுடியாது. அவனுடைய வீடு எந்த ஒழுங்கையில் என்று கூறுகிறவருக்குத் தெரியும்.

42,000க்கே சொன்ன சொல் மாறக்கூடாது என்று சம்மதித்தேன். வந்தீர். சைக்கிளைச் சுற்றி வந்தீர். ஓட்டைக்குள் சின்னி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது பெரிய பழுது. உதை ஆர் வாங்குவினம்? இரும்பு விலைக்குத்தான் போகும்" என்றீர். எல்லாம் எழுதித்தானே போட்டேன் என்றேன். "எழுதினதுதான் பிழை" என்றீர். முப்பதாயிரத்தை எண்ணி வைத்தீர்.

நான் ஏன் வாங்கினேன்? அதைத்தான் நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூரைக்காக என்று உமக்குச் சொல்லலாம். உண்மை அது இல்லை. அந்த நேரம் எனக்கு அந்த ஓட்டையில் வெட்கம் வந்துவிட்டது. விருந்தாளிக்கு முன்னால் கிழிந்த பாய் விரித்ததுபோல. என் தகப்பனின் உயிரைக் காத்த இடத்தை, அவர் இருபது வருடம் மூடவிடாத இடத்தை, உம்முடைய விரல் பட்டதும் நானும் பழுதாகப் பார்த்தேன். நீர் ஏமாற்றிய காசு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். இதற்கு எந்தக் கணக்கைப் போடுகிறது?

இப்போது அதை அடைத்துவிட்டீர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டி பூசி, தேய்த்து, பெயின்ற் அடித்து, மேலே பொன்கோடு இழுத்திருக்கிறீர். நல்ல கைவேலை, பொய் சொல்லக்கூடாது. ஒரு கீறல்கூட இல்லை. சன்னம் வந்ததும் இல்லை, அப்பா படுத்திருந்ததும் இல்லை, செம்மணியும் இல்லை. அம்மம்மா இருந்த கரியரில் ஒரு துரை ரெனிஸ் மட்டை கொண்டுபோகிறார்.

2000 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கென்னத் வால்டன் என்ற வழக்கறிஞர் ஈபேயில் ஒரு ஓவியத்தை 25 சதத்தில் ஏலத்துக்கு விட்டார். பழைய சாமான் கடையில் வாங்கினது. ரிச்சர்ட் டீபன்கோர்ன் என்ற பெரிய ஓவியரின் படைப்போ என்று ஆட்கள் மயங்கும்படி முதலெழுத்துகளைத் தானே போட்டிருந்தார். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. பிள்ளையின் மூன்றுசில்லுச் சைக்கிள் இடித்து வந்தது என்று எழுதினார். அவருக்குப் பிள்ளையே இல்லை. அவரும் கூட்டாளிகளுமே கேள்வி கேட்டு விலையை ஏற்ற, 135,805 டொலர் வரை போனது. பிடிபட்டார், 2001 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொய்க்கதை சொன்ன ஓட்டைக்கு அங்கே இலட்சம் டொலர். நிசமான ஓட்டைக்கு இங்கே 12,000 ரூபா கழிவு.

சட்டம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விற்பவர் மறைவில் தானே கேள்வி கேட்டு ஏலத்தை ஏற்றினால் அது மோசடி என்கிறது. வாங்குகிறவர்கள் கூடி விற்பவரின் கழுத்தை அறுத்தால்? ஏலத்தைப் பற்றின அந்தப் பிரிவு அதைப் பேசவில்லை. பொலிசில் இருந்தவர் நல்லாய்த்தான் கதைத்தார்: "நீங்களாத்தானே அம்மா வித்தனீங்கள்?" ஓம், நானாகத்தான் விற்றேன்.

1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த எங்கள் தேசவழமையில், காணி விற்கிறவர் உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும் அயலுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். மூன்று ஞாயிறு தொடர்ந்து தேவாலயத்தில் கூறவேண்டும் என்றும் ஒல்லாந்தர் வைத்தார்கள். எது, யாருடையது, யாருக்குப் போகிறது என்று ஊருக்கே தெரிந்துதான் ஒரு துண்டு நிலம் கை மாறியது. காணிக்கு உள்ள சட்டத்தைச் சைக்கிளுக்கு இழுக்கிறாள் கிழவி என்று சிரிப்பீர். சிரியும். ஏ9 பாதை திறந்த நாளில் இருந்து லொறி லொறியாகக் கதவும் தூணும் பித்தளை விளக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. போகட்டும், எங்களுக்குக் காசு தேவை, விற்கிறோம். ஆனால் சொந்தக்காரரையும் ஏன் மாற்றுகிறீர்கள்?

நேற்று இரவே வேறு பெயரில் உமக்கு எழுதிக் கேட்டேன்: பின் மட்காட்டைக் கிட்டப் பிடித்து ஒரு படம் அனுப்புவீர்களா? உடனே பதில் வந்தது. "அதில் ஒன்றுமில்லை அங்கிள், புதுசு மாதிரி." என்னை அங்கிள் என்று நினைத்துவிட்டீர். ஷெல் பட்ட ஓட்டை ஒன்று இருந்ததே என்று எழுதினேன். அதோடு என்னை அடைத்துவிட்டீர்.

காலையில் அம்மா கேட்டா, என்ன விலைக்குப் போட்டிருக்கிறான் என்று. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, துரைக்கு என்ன பெயராம் என்று கேட்டா.

அந்த ரியூப் துண்டு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஓட்டை தெரியவேண்டும் என்று உரித்தபோது அங்கே போட்டது. விளிம்பில் அப்பாவின் கத்தரி நெளிந்த அடையாளம் இருக்கிறது, ஒட்டுப்பசை காய்ந்து மஞ்சளாய்ப் போயிருக்கிறது. சைக்கிளோடு கொடுக்க மறந்துவிட்டேன் என்று அன்று கவலைப்பட்டேன். புதிதாக வாங்கப் போகிறவருக்கு அது தேவைப்படாது. அவருடைய மட்காட்டில் ஓட்டை இல்லை.