முறிந்த கையும் பழுதான வன்தட்டும்

திருப்பதிக்கு அருகிலுள்ள புத்தூரின் பெயரைத் தமிழகத்துத் தெருப்பலகைகளிலும் காணலாம். எலும்பு முறிவுக்கான ‘புத்தூர் கட்டு’ அத்துணைப் பெயர் பெற்றது. அவ்வைத்தியத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. முறிந்த கையை முதலில் அசைக்கக் கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பல்கலைக்கழக ஆய்வகத்துச் சர்வரின் வன்தட்டு பழுதாகும்போது இந்த எளிய அறிவு மறந்துபோகிறது.

தட்டில் படிக்க இயலாத பகுதிகள் தோன்றியதும் பலர் சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குகின்றனர். அடுத்து எஃப்எஸ்சிகே நிரலை ஓட்டுகின்றனர். அந்நிரல் கோப்பு முறைமையின் முரண்களைச் சீராக்க அதே தட்டில் எழுதுகிறது. பழுதான தட்டில் இது மீட்கக்கூடியதையும் அழித்துவிடலாம். எழுதுவதை உடனே நிறுத்தி, டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் முழுத் தட்டையும் நல்ல தட்டொன்றுக்குப் படியெடுப்பதே முறை. அது நலமான பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதானவற்றுக்குப் பிறகு திரும்புகிறது. சீரமைப்பு முயற்சிகள் யாவும் அந்தப் படியின் மீதே நடைபெற வேண்டும்.

அப்போதும் முழு மீட்பு உறுதியன்று. கோப்புறையிலிருந்து துண்டிக்கப்பட்ட கோப்புகள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்னும் இடத்தில் பெயரிழந்து வெறும் எண்களாக வந்து சேரும். களப்பணி ஒலிப்பதிவு கிடைக்கும். பேசியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்பவை கோப்பின் பெயரில் மட்டுமே இருந்திருந்தால் அது சான்றாகாது.

‘ரெய்டு இருக்கிறதே’ என்பதும் ஆறுதலன்று. ஒரு தட்டு செயலிழந்தாலும் பணி நிற்காமல் காப்பதே அதன் வேலை. தவறுதலாக அழிக்கப்படும் கோப்பை அது காக்காது.

2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் தளத்தின் தரவுத்தளக் கோளாற்றைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். ஐந்து காப்பு முறைகள் இருந்தும் எதுவும் நம்பத்தகுந்தவாறு இயங்கவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த படியே கைகொடுத்தது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், காப்புப் பிரதி எடுக்க வேண்டிய நிரலே சுமார் 77 டிபி ஆய்வுத் தரவை அழித்தது. இரண்டிலும் தட்டு பழுதாகவில்லை. பழுதைத் தடுக்கவும் தீர்க்கவும் வந்த முயற்சியே இழப்பை உண்டாக்கியது.

ஆய்வேட்டுடன் கருத்துத் திருட்டுச் சான்றிதழைக் கோரும் பல்கலைக்கழகங்கள், அவ்வாய்வின் மூலத் தரவு எங்கே, எத்தனைப் படிகளில் உள்ளது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. நான்காண்டு உழைப்பின் பாதுகாப்பு மாணவரின் தனிச் சுமையாகிறது. ஒவ்வொரு பருவத்திலும் காப்புப் பிரதியிலிருந்து சில கோப்புகளையேனும் வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்ப்பதைத் துறையின் கடமையாக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பிற்பகல் போதும். மீட்டுப் பார்க்கப்படாத பிரதியைக் காப்புக் கணக்கில் சேர்க்கலாகாது.